நாக்குத் தகடு

"ஆபரேஷன்ல உன் வேல இன்னா?" என்று என் அக்காள் வீட்டுக்காரர் ஒரு ஆடிக் கிருத்திகை அன்று கேட்டார். காவடி எடுத்து மலையிலிருந்து இறங்கி, என் வீட்டில் மூன்று பேர் சாப்பாட்டைத் தனி ஆளாக முடித்துவிட்டு, கை கழுவிய ஈரத்தோடு கேட்ட கேள்வி. அவரை நாங்கள் பாவா என்போம். பாவாவுக்கு எதையும் தெரிந்துகொள்ளும் ஆசை கிடையாது. கேட்டுவிட்டுச் சிரிக்கிற ஆசை மட்டும் உண்டு.

"கொக்கி பிடிக்கிறேன் பாவா."

"இன்னா கொக்கி?"

"வயித்த அறுத்தா சதையெல்லாம் வந்து மூடிக்கும் இல்ல? அத்த விலக்கிப் பிடிச்சிக்கினு நிப்பேன். டாக்டர் உள்ள வேல செய்வாரு."

"அப்போ நீ சும்மா பிடிச்சிக்கினு நிக்கிற."

"ஆங்."

"அதுக்கு ஒரு ஆள் எதுக்கு? செவுத்துல ஆணி அடிச்சி மாட்டிடலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். என் அக்காளும் சிரித்தாள். பாவாவின் வேலை என்ன தெரியுமா? திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளை வரிசையில் நிறுத்துவது. அவர் லீவு போட்ட நாட்களிலும் லாரிகள் வரிசையில்தான் நின்றன. அதை நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை ஆயிற்றே.

ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமில் நான் தியேட்டர் நர்ஸ். தியேட்டர் நர்ஸ் என்று சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேர் சினிமாத் தியேட்டரில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிறவள் என்று நினைப்பார்கள். மீதிப் பேர் ஆபரேஷனே நான்தான் செய்கிறேன் என்று நினைத்து, கோயில் வாசலில் நிறுத்திவைத்துக் குடலிறக்கத்தைக் காட்டுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் விளக்கம் சொல்லி அலுத்துப்போய்விட்டேன்.

கொக்கி என்பது நாங்கள் வைத்த பெயர். படித்தவர்கள் ரிட்ராக்டர் என்பார்கள். அதில் ஒவ்வொன்றுக்கும் எவனோ ஒரு வெள்ளைக்காரன் பெயர் உண்டு. செத்துப்போன அத்தனை பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள எங்களால் ஆகாது. அகலக் கொக்கி, சின்னக் கொக்கி, முள் கொக்கி, அப்புறம் நாக்கு. இவ்வளவுதான் எங்கள் அகராதி. டாக்டர்கள் இங்கிலீஷில் கேட்பார்கள், நாங்கள் தமிழில் எடுத்துக் கொடுப்போம், ஆபரேஷன் நடந்துவிடும்.

சும்மா பிடித்துக்கொண்டு நிற்பது என்று பாவா சொன்னாரே, அவரை ஒரு நாள், ஒரே ஒரு நாள், அகலக் கொக்கியைக் கொடுத்து இரண்டு மணி நேரம் நிற்கவைக்க வேண்டும். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் தெரியாது. அப்புறம் மணிக்கட்டு எரியும். அப்புறம் தோள். அப்புறம் கை இருக்கிறதா என்றே தெரியாது. மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்றும் பார்க்க முடியாது. டாக்டரின் தலை மறைக்கும். திருவிழாக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்கிற குள்ளனுக்குத் தேர் தெரிகிற அளவுக்குத்தான் எனக்கு வயிறு தெரியும்.

இதில் இழுப்பது கால் பங்கு, நகராமல் இருப்பது முக்கால் பங்கு. கொஞ்சம் தளர்த்தினால் குடல் வழிந்து டாக்டர் கைமேல் வந்து உட்காரும். கொஞ்சம் அதிகம் இழுத்தால் கொக்கியின் விளிம்பு பட்டுச் சதை கன்றிப்போகும். இரண்டு நாள் கழித்து நோயாளி, "தையல் போட்ட எடம் வலிக்கல, இந்தப் பக்கந்தான் வலிக்குது" என்பாள். அந்தப் பக்கம் நான் நின்ற பக்கம். டாக்டர் அதற்கு வாயு என்று பெயர் சொல்லி ஒரு மாத்திரை எழுதுவார்.

எங்களுக்கு வந்துகொண்டிருந்த சர்ஜன் எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர். காரில் வருவார். காலையில் ஒரு ஊர், மதியம் ஒரு ஊர், சாயங்காலம் ஒரு ஊர் என்று மூன்று ஊர் வயிறுகளைத் திறந்து மூடிவிட்டு வீட்டுக்குப் போவார். கை சுத்தம். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வாய்தான் சகிக்காது. விளக்கு வெளிச்சம் சரியில்லை என்றால் கொக்கி பிடித்தவள் காரணம். ரத்தம் கசிந்தால் கொக்கி பிடித்தவள் காரணம். நோயாளி குண்டாக இருந்தால், அவளுக்கு இத்தனை வருஷம் நான்தான் சோறு போட்டதுபோல என்னை முறைப்பார். "இழு" என்பார். இழுத்தால், "பிய்க்கிறியா?" தளர்த்தினால், "தூங்குறியா?" அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகும் திட்டு நிற்கவில்லை.

இப்போது நாக்குக்கு வருகிறேன். அது வளைகிற எஃகுத் தகடு. பட்டையாக, முனை உருண்டு, பார்க்க நாக்கு மாதிரியே இருக்கும். வேண்டிய மாதிரி கையாலேயே வளைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்து வயிற்றைத் தைத்து மூடும்போது அதைக் குடலின் மேல் வைத்துக்கொண்டால் ஊசி குடலில் குத்தாது. உள்தையலில் கடைசி நாலைந்து பாக்கி இருக்கும்போது உருவி எடுத்துவிட வேண்டும்.

எங்களிடம் நீளமான நாக்கு ஒன்று இருந்தது. வளைத்து வளைத்து நிமிர்த்தியதில் நடுவில் விரிசல் விட்டுவிட்டது. புதிது வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் மூன்று முறை கேட்டேன். அவர் அப்போது வரவேற்பறையில் செயற்கை நீரூற்று ஒன்று கட்டிக்கொண்டிருந்தார். உறவினர்கள் உட்கார்ந்து மனம் லேசாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். ஆகவே குட்டை நாக்கை வைத்தே ஓட்டினோம். நீள நாக்கு வைத்தால் அதன் வால் வயிற்றுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மறக்கவே முடியாது. குட்டை நாக்கு முழுசாக உள்ளே போய்விடும்.

அன்று வந்தவள் பொதட்டூர்பேட்டைக்காரி. வீட்டிலேயே விசைத்தறி போட்டு அவளும் புருஷனுமாக லுங்கி நெய்கிறவர்கள். வயது நாற்பதுகூட இருக்காது. கர்ப்பப்பையில் கட்டி, மாதம் முழுக்க ரத்தப்போக்கு, முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. மயக்க டாக்டர் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார், தூக்கம் வர இன்னொரு ஊசியும் போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டி நல்லபடியாக வந்துவிட்டது. ரத்தம் நின்றது. சர்ஜனுக்கு அடுத்த ஊரில் அடுத்த வயிறு காத்திருந்தது, அதனால் மள மளவென்று மூட ஆரம்பித்தார். நாக்கை அவரே எடுத்துக் குடலின் மேல் வைத்தார். நான் சின்னக் கொக்கியால் சதையை விலக்கிப் பிடித்தேன். அவர் தைத்துக்கொண்டே வந்தார்.

மயக்க டாக்டருக்கு செல்போனில் பார்க்க வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. தலையை நிமிர்த்தி, "காபி எவரிகி?" என்றார். யாருக்குக் காபி வேண்டும் என்று கேட்கிறார். அவர்கள் இரண்டு பேருக்குள் எப்போதும் தெலுங்குதான்.

சர்ஜன் ஊசியை நிறுத்தாமல், "நாகு ஒகட்டி" என்றார். எனக்கு ஒன்று.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் கவனித்தேன். உள்தையலில் இன்னும் நான்கே நான்குதான் பாக்கி. தகடு இன்னும் வெளியே வரவில்லை. அவர் கை அடுத்த தையலுக்குப் போய்விட்டது.

"சார், நாக்கு!" என்றேன்.

தெலுங்கில் 'எனக்கு' என்பதற்கும் தமிழில் வாய்க்குள் இருக்கிற நாக்குக்கும் ஒரு அழுத்தம்தான் வித்தியாசம். முகமூடிக்குள் அந்த அழுத்தமும் போய்விடும். மயக்க டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "சிஸ்டருக்கும் ஒண்ணு சொல்லுங்கப்பா, பாவம்!" என்று கதவுப் பக்கம் குரல் கொடுத்தார்.

சர்ஜனும் சிரித்தார். "ஏம்மா, நான் வேல செய்யறேன், கேக்கலாம். சும்மா பிடிச்சிக்கினு நிக்கிறதுக்கு ஒரு காபியா?"

நைனாவிடம் தெலுங்கும் அம்மாவிடம் தமிழும் பேசி வளர்ந்தவள் நான். அவர்கள் காதில் என்ன விழுந்தது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. 'காபி இல்ல சார், தகடு' என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. சொல்லவில்லை.

ஏன் என்று யாராவது கேட்டால், தியேட்டரில் டாக்டரை எதிர்த்துப் பேச முடியாது, நர்ஸ் என்றால் அடிமை, அது இது என்று நானே பல பேரிடம் அளந்திருக்கிறேன். அதெல்லாம் கதை. எனக்கு வந்தது கோபம். பாவா சொன்ன அதே வார்த்தையை இந்த மனுஷனும் சொல்லிவிட்டாரே என்ற கோபம். நான் சொன்னேன், நீ கேட்கவில்லை. இனி உன் பாடு. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். கொக்கியை மட்டும் இம்மி நகராமல் பிடித்தேன். அவ்வளவு நன்றாக அதற்கு முன் நான் பிடித்ததே இல்லை. சர்ஜனே கவனித்து, "பரவால்லயே, இன்னிக்கு நல்லா பிடிக்கிறே" என்றார். பெரிய பட்டம்.

நாலு தையலும் போட்டார். அதற்கு மேல் அடுத்த அடுக்கைத் தைத்தார். அப்புறம் தோல். அதெல்லாம் ஒரு இருபது நிமிஷம் இருக்கும். 'நான் பார்க்காத நேரத்தில் உருவியிருப்பார்' என்று எனக்கு நானே ஒரு பொய்யும் சொல்லிக்கொண்டேன். தட்டில் நாக்கு வைக்கிற இடம் காலியாக இருந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மாதம் கழித்து இவள் வயிற்று வலி என்று வந்து நிற்பாள், எக்ஸ்ரேயில் தகடு பளிச்சென்று தெரியும், அப்போது இந்த ஆள் மூஞ்சி எப்படிப் போகும் என்றுகூட ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

காபி வந்தது. சர்ஜன் கையுறையைக் கழற்றிப் போட்டார். நான் நோயாளியின் மேல் இருந்த பச்சைத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசித் துணியை எடுத்தபோது அவள் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியது. தையல் வரிசையும் அதோடு ஏறி இறங்கியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"சார், தகடு உள்ள இருக்கு."

"எந்தத் தகடு?"

"கொடல் மேல வெச்சீங்களே சார், அந்த நாக்கு."

கையில் காபியோடு தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்ப வந்து சொல்றியா? அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் சார். நாக்குன்னு கத்தினேன்."

"நீ காபி கேட்டே!"

"நான் காபியே குடிக்க மாட்டேன் சார்."

அது உண்மை. எனக்கு டீதான். மயக்க டாக்டர் நடுவில் புகுந்து, "லேது சிஸ்டர், நீங்க நாகுன்னுதான் சொன்னீங்க, நானே கேட்டேன்" என்று சாட்சி சொன்னார். ஒரு பொம்பளையின் வயிற்றுக்குள் ஒரு சாண் இரும்பு கிடக்கிறது. மேலே மூன்று படித்த பேர் நின்றுகொண்டு, கேட்டது காபியா நாக்கா என்று பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்தோம். பட்டிமன்றத்துக்கு நடுவர் மட்டும்தான் குறை.

மறுபடி கை கழுவினார், மறுபடி திறந்தார். மரக்கவைத்த மருந்து இன்னும் இறங்காதது அவள் செய்த புண்ணியம். நான் கொக்கி பிடித்தேன். தகடு குடல் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. எடுத்துத் தட்டில் போட்டார். குடலைத் தடவித் தடவிப் பார்த்தார், ஒரு கீறல் இல்லை. மூடிவிட்டு என்னிடம், "எவரிகி செப்பொத்து" என்றார். யாரிடமும் சொல்லாதே என்று. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சிய ஒரே வாக்கியம் அது. அதையும் அதட்டுவதுபோலத்தான் சொன்னார்.

வெளியே நீரூற்றுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக, கண்ணெல்லாம் சிவந்து, ஒரு மஞ்சள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. "இன்னா சார், இம்மா நேரம் ஆயிடுச்சி?" என்றான்.

"உள்ள கொஞ்சம் ஒட்டல் இருந்திச்சி. அப்படியே விட்டா பின்னாடி கஷ்டம். பாத்து சரி பண்ணிட்டேன்" என்றார் சர்ஜன். கூசாமல் சொன்னார். அவன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க தெய்வம் சார்" என்றான். சர்ஜன் பணிவாக ஒரு விரலை மலைப் பக்கம் தூக்கிக் காட்டி, "எல்லாம் அவரு பாத்துக்கறாரு" என்றார். முருகனையும் இதில் இழுத்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

அவன் மஞ்சள் பையிலிருந்து புது லுங்கி இரண்டை எடுத்து சர்ஜன் கையில் கொடுத்தான். அவர்கள் தறியில் நெய்தது. சர்ஜன் அதைக் காரின் பின்சீட்டில் எறிந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

அதற்கப்புறம் ஒரு வாரம் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டேன். நான் இல்லாவிட்டால் அவள் கதி என்ன? கடைசியில் யார் சொன்னது? நான்தானே? படித்த இரண்டு பேருக்கும் தெரியாதது கொக்கி பிடிக்கிறவளுக்குத் தெரிந்ததே! பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் இதே ஓட்டம்தான். மனசுக்குள் சர்ஜனை ஒரு நாளைக்குப் பத்து தடவை மடையனாக்கி, பாவாவையும் கூப்பிட்டு வைத்து வேடிக்கை பார்க்கவைத்தேன். நடுவில் போன அந்த இருபது நிமிஷத்தை மட்டும் லாகவமாகத் தாண்டிவிடுவேன்.

எட்டாம் நாள் அவள் தையல் பிரிக்க வந்தாள். தையல் பிரிப்பது எங்கள் வேலை, டாக்டர் வரமாட்டார். புருஷனை வெளியே உட்காரவைத்துவிட்டு, திரையை இழுத்து, அவளைப் படுக்கவைத்தேன். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. புண் நன்றாகக் காய்ந்திருந்தது. ஒரு முடிச்சைப் பிடித்துத் தூக்கிக் கத்தரித்தேன்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளும்மா."

"அன்னிக்கி நான் தூங்கலங்க. காலுதான் மரத்துப் பூட்சி. காது நல்லா கேட்டுகினுதான் இருந்திச்சி."

என் கத்தரி நின்றுவிட்டது.

"நீங்க மொதல்ல நாக்குன்னு கத்தினீங்க. அவங்க காபின்னு நெனச்சி சிரிச்சாங்க. எங்க ஊட்லயும் தெலுங்குதான், எனக்கே உள்ளுக்குள்ள சிரிப்பு வந்திச்சி. அப்பறம் ரொம்ப நேரம் கழிச்சி தகடு உள்ள இருக்குன்னு சொன்னீங்க. அப்பறந்தான் எனக்குப் புரிஞ்சிது, மொதல்ல சொன்னதும் அதத்தான்னு."

"நான் சொன்னதாலதான்மா எடுத்தாங்க" என்றேன். வெட்கமே இல்லாமல், முந்திக்கொண்டு.

"ஆங், அது தெரியுங்க. நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க ஊட்டுக்காரருகிட்ட சொன்னா இங்க வந்து எல்லாத்தயும் ஒடச்சிட்டுப் பூடுவாரு." மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தாள். "எங்க ஊட்ல தறி ஓடிக்கினு இருக்கும். ஒரு வாட்டி சொன்னா அந்த சத்தத்துல யாருக்கும் கேக்காது. இழை அறுந்திச்சின்னா கத்துவேன். அவரு திரும்ப மாட்டாரு. மறுபடியும் கத்துவேன். அப்பவும் திரும்பலன்னா கையில கெடச்சத எடுத்து மேல அடிப்பேன். நீங்க ஏங்க ஒரு வாட்டியோட நிறுத்திட்டீங்க?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. டாக்டரை எதிர்க்க முடியாது என்று சொல்லலாம். எடுத்துவிட்டார் என்று நினைத்தேன் என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. ஆனால் அவள் அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள்.

"கோவம்மா" என்றேன்.

"யாரு மேல?"

"டாக்டர் மேலதான். சும்மா நிக்கிறேன்னு சொல்லிச் சிரிச்சாரு இல்ல."

அவள் தலையைக் கொஞ்சம் தூக்கித் தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள்.

"வயிறு என்னுதாச்சே, சிஸ்டர்?"